ஐம்பதாயிரம் கண்ணிகள்

பழனி மலையைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிகப் பழைய கதைகளில் ஒன்று, ஒரு போர்வையின் கதை. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வையாவிக் கோப்பெரும் பேகன் இந்த மலைநாட்டை ஆண்டவர். தோகை விரித்து நின்ற மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணி, தன் போர்வையை எடுத்து அதற்குக் கொடுத்தார். சங்கப் புலவர்கள் பாடிய அந்தக் கொடையை இன்றும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அந்தக் காட்சியில் அறிவியல் படிப்பவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மயிலின் இறகும் ஆட்டின் கம்பளியும் கெராட்டின் என்று அழைக்கப்படும் புரதங்களால் ஆனவை. நம் தலைமுடியும் நகமும்கூட அப்படித்தான். பறவையின் கெராட்டின் ஒரு விதமாக மடிந்திருக்கும், பாலூட்டியின் கெராட்டின் வேறு விதமாக மடிந்திருக்கும். ஆனால் குளிரைத் தடுக்க இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான்: அசையாத காற்றைத் தமக்குள் பிடித்து வைப்பது.

இன்று அதே மலையின் உச்சியில் கோடைக்கானல் இருக்கிறது. மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களிலும், கிறிஸ்துமஸ் காலத்திலும், கையால் செய்த பொருட்களை விரித்து வைத்து விற்பவர்களை இங்கே பார்க்கலாம். கையால் பின்னிய ஸ்வெட்டர், குல்லா, குழந்தைக் காலுறை, இலை அச்சுப் பதித்த சால்வை, நீல நிறத்தில் பெரணி படிந்த வாழ்த்து அட்டை. வருகிறவர்கள் எடுத்துத் தடவிப் பார்க்கிறார்கள். விலையைக் கேட்டதும் பலர் திரும்ப வைத்துவிடுகிறார்கள். ஏரிக்கரைக் கடையில் இதில் பாதி விலைக்கு ஸ்வெட்டர் கிடைக்கிறதே என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கில் விடுபட்டுப்போவது நிறைய. ஒரு கைப்பின்னலுக்குள்ளும் ஒரு கையச்சுக்குள்ளும் நடக்கிற இயற்பியலையும் வேதியியலையும் தெரிந்துகொண்டால், அந்த விலை நமக்கு வேறு மாதிரித் தெரியும்.

குளிரும் காற்றும்

மலையடிவாரத்து வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்துக்கு ஏறும் காற்று விரிகிறது. விரிவதற்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் அது குளிர்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று வைத்தால், இந்த மலைப்பாதையின் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய 12 டிகிரி வித்தியாசம். மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பம் 8 டிகிரி அளவுக்கு இறங்கும்; பள்ளமான இடங்களில் உறைபனியும் விழும்.

நம் உடல் 37 டிகிரியில் இருக்க வேண்டும். ஸ்வெட்டர் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்த வேலையையும் பெரும்பாலும் செய்வது கம்பளி இழை அன்று. இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்றுதான். அசையாத காற்று, கம்பளி இழையைவிடப் பல மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. நல்ல பின்னல் ஸ்வெட்டரின் கன அளவில் பெரும்பகுதி காற்றே. காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கத் தெரிந்த இழைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

மன்னவனூர் ஆடுகள்

கோடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேற்கே போனால் மன்னவனூர் வரும். அங்கே புல்மேட்டில் வெள்ளை வெளேரென்று மேய்பவை பாரத் மெரினோ ஆடுகள். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் 1962-இல் ராஜஸ்தானின் அவிகாநகரில் தொடங்கப்பட்டது. அதன் தென்மண்டல ஆராய்ச்சி மையம் 1960களிலேயே மன்னவனூருக்கு வந்தது. சோக்லா, நாலி போன்ற ராஜஸ்தான் ஆடுகளை ராம்புலே, மெரினோ கிடாக்களோடு சேர்த்துப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம்தான் பாரத் மெரினோ.

தமிழ்நாட்டுக்கு இந்த ஆடு ஏன் அதிசயம்? நம் மண்ணின் செம்மறிகளான மேச்சேரி, கீழக்கரிசல், வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை எல்லாம் முடி ஆடுகள். வெயிலைத் தாங்கப் பழகிய அவற்றின் உடலில் நூற்கத் தக்க கம்பளி இல்லை. திருச்சி கருப்பு, கோயம்புத்தூர் ஆடுகளிடம் கம்பளி உண்டு, ஆனால் முரடானது. குறும்பர் சமூகத்தினர் நெய்த கம்பளிப் போர்வைகளுக்கு அந்த முரட்டு இழைதான் பொருத்தம். தரையில் விரிக்கவும், மழையில் தலைமேல் போட்டுக்கொள்ளவும் உதவும். குழந்தையின் கழுத்தில் படும் சட்டைக்கு அது ஆகாது.

மென்மைக்கும் முரட்டுத்தனத்துக்கும் இடையிலான எல்லையை அளந்தே சொல்லிவிடலாம். மெரினோ இழையின் தடிமன் சுமார் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. சுமார் 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் துணியில் கூடினால் உடம்பு அரிக்கத் தொடங்கும். துணியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழைநுனி தோலில் முட்டும்போது வளைந்து கொடுத்தால் நாம் அதை உணர்வதில்லை. வளையாமல் குத்தினால், தோலுக்கு அடியில் வலியை உணரும் நரம்பு முனைகள் விழித்துக்கொள்கின்றன. ஓர் இழை வளைய மறுக்கும் வலிமை, அதன் தடிமனின் நான்காம் படியைப் பொறுத்தது. தடிமன் இரட்டிப்பானால் விறைப்பு 16 மடங்கு. “எனக்குக் கம்பளி ஒத்துக்கொள்ளாது” என்று சொல்பவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது கம்பளி அன்று; தடித்த கம்பளி.

அந்த மெல்லிய இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேற்பரப்பில் செதில்கள், கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். எல்லாம் நுனியை நோக்கியே படிந்திருப்பதால், இழை ஒரு திசையில் எளிதாக வழுக்கும், எதிர்த்திசையில் மாட்டிக்கொள்ளும். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று ஊர்ந்து பூட்டிக்கொள்ளும். திரும்பி வர வழி இல்லை. ஆசையாக வாங்கிய கம்பளி ஸ்வெட்டர் ஒரே சலவையில் பொம்மைச் சட்டை அளவுக்குச் சுருங்குவதன் காரணம் இதுதான்.

செதிலுக்கு உள்ளே இரண்டு வகை உயிரணுக்கள் இழையின் இரண்டு பக்கங்களிலும் பிரிந்து நிற்கின்றன. இரண்டும் ஒரே அளவில் நீளாததால் இழை நேராக வளராமல் நெளிந்து வளர்கிறது. நெளிந்த இழைகள் நெருங்கிப் படுக்காது. அந்த இடைவெளிகள்தான் காற்றின் இருப்பிடம்.

அதற்கும் உள்ளே போனால் மூலக்கூறு. 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி கம்பளி இழைமேல் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்தார். ஈரமான இழையை இழுத்தபோது படம் மாறியது. விட்டபோது பழையபடி ஆனது. உள்ளே ஏதோ ஒன்று சுருண்டிருக்கிறது, இழுத்தால் விரிகிறது என்று அவர் கண்டுகொண்டார். அந்தச் சுருளின் சரியான வடிவத்தை 1951-இல் லைனஸ் பாலிங் குழுவினர் சொன்னார்கள்: ஆல்ஃபா ஹெலிக்ஸ். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் முடியாது என்பதை ஒரே வரைபடத்தில் வரைந்து காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவர், ஆண்டு 1963. உலகம் முழுவதும் உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் ராமச்சந்திரன் வரைபடம் என்றே அதைப் படிக்கிறார்கள். ஆல்ஃபா ஹெலிக்ஸுக்கு அதில் ஒரு சிறு பகுதி உண்டு. மன்னவனூர் ஆட்டின் முதுகில் வளரும் ஒவ்வொரு இழையிலும் கோடானுகோடி மடிப்புகள் சென்னையில் வரைந்த அந்தச் சிறு பகுதிக்குள் அடங்குகின்றன.

கோடைக்கானல் பனிமூட்டத்துக்கென்றே அமைந்ததுபோல் கம்பளிக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் அது தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. உறிஞ்சும்போது வெப்பத்தையும் வெளியிடும். உலர்ந்த ஒரு கிலோ கம்பளி ஈரம் நிறைந்த காற்றுக்குள் வரும்போது பல நூறு கிலோஜூல் வெப்பம் மெல்ல மெல்ல வெளியாகிறது. வீட்டுக்குள்ளிருந்து மூடுபனிக்குள் கால் வைக்கும் அந்தச் சில நிமிடங்களில் கம்பளி உண்மையாகவே நம்மைச் சூடாக்குகிறது. அக்ரிலிக் நூலால் இது முடியாது. அது உறிஞ்சும் ஈரம் அதன் எடையில் ஓரிரு சதவீதம் மட்டுமே.

ஒரே நூல், முடிச்சு இல்லாமல்

இப்போது அந்த நூலை இரண்டு ஊசிகளில் ஏற்றுவோம்.

நெசவில் நீளவாக்கில் பாவும் குறுக்கே ஊடையும் ஓடுகின்றன. இரண்டும் ஏறக்குறைய நேராகவே கிடப்பதால் நெய்த துணி இழுத்தால் நீளாது. பின்னலில் இருப்பது ஒரே நூல். அது வளைந்து ஒரு கண்ணியாகிறது. அந்தக் கண்ணிக்குள் இன்னொரு கண்ணி இழுத்து எடுக்கப்படுகிறது. அதற்குள் மற்றொன்று. எங்கேயும் முடிச்சு இல்லை. கடைசிக் கண்ணியை மட்டும் பூட்டாமல் விட்டு நுனியைப் பிடித்து இழுத்தால் முழு ஸ்வெட்டரும் பிரிந்து மறுபடி ஒற்றை நூலாகிவிடும். பிள்ளை வளர்ந்ததும் அவனுடைய பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை அலசிக் காயவைத்து, பெரிய அளவில் மறுபடி பின்னுகிற பாட்டிமார்கள் இந்த உண்மையைத் தினமும் பயன்படுத்தியவர்கள்.

நூலைத் தனியாக இழுத்தால் அது மிகக் கொஞ்சமே நீளும். அதே நூலில் பின்னிய துணியோ இரண்டு மடங்குகூட நீளும். அந்த நீட்சி வருவது வடிவத்திலிருந்து. துணியை இழுக்கும்போது நூல் நீளுவதில்லை. கண்ணியின் வளைவு மாறுகிறது, ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு நூல் நழுவுகிறது. விட்டதும், வளைக்கப்பட்ட நூல் தனக்கு வசதியான வளைவுக்குத் திரும்புகிறது. 2018-இல் பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர்கள் ஃபிசிகல் ரிவ்யூ எக்ஸ் இதழில் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். நூலின் நீளம் மாறாது, கண்ணிகள் மாட்டியிருக்கும் விதம் மாறாது, நூலை வளைக்க ஆற்றல் வேண்டும் என்று மூன்றே விதிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பின்னல் துணி இழுபடும் விதத்தை அவர்களால் விளக்க முடிந்தது.

பின்னலில் அடிப்படை அசைவுகள் இரண்டுதான். கண்ணியை முன்பக்கமாக இழுத்தால் நிட், பின்பக்கமாக இழுத்தால் பர்ல். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் மற்றொன்று. இந்த இரண்டை வைத்து விதவிதமான குணமுள்ள துணிகளைப் படைக்கலாம். ஒரு பக்கம் முழுவதும் நிட் தெரியும்படி பின்னினால் ஓரங்கள் தாமாகச் சுருளும். நிட்டையும் பர்லையும் நெடுக்காக மாற்றி மாற்றி வைத்தால் ரிப்; அது குறுக்கே நன்றாக நீண்டு சுருங்கும் என்பதால் மணிக்கட்டிலும் இடுப்பிலும் அதைத்தான் வைக்கிறார்கள். வரிசைக்கு வரிசை மாற்றினால் கார்ட்டர். அது நெடுக்காக நீளும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் எலிசபெட்டா மாட்சுமோட்டோவின் குழு இப்படி நான்கு வகைப் பின்னல்களை எடுத்து, இழுத்துப் பார்த்து, கணினியிலும் உருவாக்கி, 2024-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்டது. நூலையோ ஊசியையோ மாற்றாமல், கண்ணிகளின் வரிசையை மட்டும் மாற்றித் துணியின் விறைப்பை நாம் விரும்பியபடி அமைக்கலாம் என்பது அவர்கள் காட்டியது. கணினிக்கு எழுதும் நிரலைப் போலவே பின்னலும் ஒரு நிரல் என்று மாட்சுமோட்டோ சொல்லிவருகிறார். அந்த நிரலைப் பல தலைமுறைப் பெண்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

வடிவியலும் ஊசி முனையில் பிறக்கிறது. தட்டையான துணியைக் குவிந்த தலையில் ஒட்டவைக்க முடியாது, மடிப்பு விழும். குல்லா பின்னுகிறவர் உச்சியை நெருங்கும்போது வரிசைக்குச் சில கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போகிறார். துணி தானாகக் குவிகிறது. மாறாக, கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரம் அலை அலையாகப் பொங்கும். கணிதத்தில் இப்படிப்பட்ட வடிவத்துக்கு அதிபரவளைவுத் தளம் என்று பெயர். வகுப்பறையில் அதைக் கையில் எடுத்துக் காட்டப் பல ஆண்டுகளாகக் காகித மாதிரிகளோடு தவித்தார்கள். 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா, குரோஷே ஊசியை எடுத்துக் கண்ணிகளை ஒரே விகிதத்தில் கூட்டிப் பின்னி அந்தத் தளத்தை மாணவர்கள் கையில் கொடுத்தார்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

நடுத்தரத் தடிமன் நூலில், 10 சென்டிமீட்டர் அகலத்தில் 20 கண்ணிகளும் 10 சென்டிமீட்டர் உயரத்தில் 28 வரிசைகளும் வரும். 100 சென்டிமீட்டர் சுற்றளவும் 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஸ்வெட்டரின் உடல் பகுதிக்கு மட்டும் 200 கண்ணிகள், 168 வரிசைகள், மொத்தம் 33,600. இரண்டு கைகளையும் கழுத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 50,000 கண்ணிகள். ஒரு கண்ணிக்கு இரண்டு சென்டிமீட்டர் என்றால் நூல் ஒரு கிலோமீட்டர். பழகிய கை ஒரு கண்ணிக்கு இரண்டு விநாடி எடுத்தாலும் ஒரு லட்சம் விநாடி. கிட்டத்தட்ட 28 மணி நேரம். எண்ணிக்கை தவறிப் பிரித்துப் பின்னிய நேரமும், துண்டுகளைச் சேர்த்துத் தைத்து அலசி விரித்துக் காயவைத்த நேரமும் இதில் சேரவில்லை.

இந்த மலைக்கு வடக்கே, திருப்பூரில், இதே கண்ணியை இயந்திரம் போடுகிறது. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ முதல் பின்னல் இயந்திரத்தைச் செய்தார். கையால் பின்னிப் பிழைப்பவர்களின் வாழ்வு என்னாகும் என்று கருதி முதலாம் எலிசபெத் அரசி அவருக்கு உரிமம் தர மறுத்தார் என்பார்கள். 1920கள் தொட்டு பனியன் கம்பெனிகளை வளர்த்த திருப்பூர், இன்று நாட்டின் பின்னலாடைத் தலைநகரம். 30 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டப் பின்னல் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 24 ஊசி என்றால் சுற்றிலும் சுமார் 2,260 ஊசிகள். நூல் ஊட்டும் இடங்கள் 90, நிமிடத்துக்கு 25 சுற்று. ஒரு சுற்றில் ஒவ்வொரு ஊசியும் ஒவ்வொரு ஊட்டு இடத்திலும் ஒரு கண்ணி போடும். பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள். கோடைக்கானலில் ஒருவர் 28 மணி நேரத்தில் போட்ட கண்ணிகளின் எண்ணிக்கையைத் திருப்பூர் இயந்திரம் ஒரு விநாடிக்குள் கடந்துவிடுகிறது.

கண்ணியின் வடிவம் இரண்டிலும் ஒன்றே. இரண்டும் மனித அறிவின் சாதனைகள். ஆனால் விநாடியில் பிறந்ததற்கும் 28 மணி நேரத்தில் பிறந்ததற்கும் ஒரே விலையை எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது. இயந்திரத்துக்கு எட்டாத சில வேலைகளும் கையில் இருக்கின்றன: ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்த ஒருவருக்கு அளவாகப் பின்னுவது, கிழிந்த முழங்கையில் நூலைச் சேர்த்து அதே கண்ணிகளை மறுபடி எழுப்புவது.

கைவேலையை விற்றுப் பெண்கள் சொந்தக் காசு பார்ப்பது தமிழகத்துக்குப் புதிதில்லை. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். எலைசாவின் கணவர்தான் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல். அவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1891-இல் மறைந்தது இதே கோடைக்கானலில். பின்னாளில் இந்த ஊரில் கார்சாக் என்ற தன்னார்வ அமைப்பு அண்ணா சாலையில் காட்டேஜ் கிராஃப்ட்ஸ் கடையை நடத்தி, எளிய நிலையில் இருப்பவர்கள் செய்த பொருட்களை விற்று, விலையின் பெரும்பகுதியை அவர்களிடமே சேர்த்தது.

வெயில் போடும் அச்சு

பின்னல் குளிரைப் பயன்படுத்துகிறது என்றால், அச்சு இந்த மலையின் வெயிலைப் பயன்படுத்துகிறது. உயரம் கூடக் கூட நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று குறைகிறது. அது வடிகட்டும் புற ஊதாக் கதிரும் குறைகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். தெளிந்த வானமும் உயரமும் வேண்டித்தான் 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் கோடைக்கானலைத் தேடி வந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் இங்கிருந்தே கண்டறிந்தார்.

அதே வெயிலில் நீல அச்சு எடுக்கலாம். 1842-இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்ட சயனோடைப் முறை இது. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் நீரில் கரைத்து, மங்கிய வெளிச்சத்தில் காகிதத்திலோ பருத்தித் துணியிலோ பூசிக் காயவைக்க வேண்டும். மேலே ஒரு பெரணி இலை, அதன்மேல் கண்ணாடி, பிறகு வெயில். புற ஊதா பட்ட இடத்தில் இரும்பு அணு ஓர் எலக்ட்ரானைப் பெற்று, பிரஷ்யன் நீலமாக மாறிப் படிகிறது. இலை மறைத்த இடத்தில் எதுவும் நடக்காது. தண்ணீரில் அலசினால் மாறாத கரைசல் கரைந்து ஓட, நீலத்தின் நடுவே இலையின் ஒவ்வொரு பல்லும் வெள்ளையாக நிற்கும். 1843-இல் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படியே பதித்து வெளியிட்டது, ஒளிப்படத்தால் விளக்கப்பட்ட உலகின் முதல் புத்தகமாகக் கருதப்படுகிறது.

அந்த நீலம் எப்படி வருகிறது? பிரஷ்யன் நீலத்தில் இரண்டு வகை இரும்பு அணுக்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் ஓர் எலக்ட்ரான் கூடுதல். அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ, செம்மஞ்சள்-சிவப்பு ஒளியின் ஆற்றல் தேவைப்படுகிறது. அந்த ஒளியை அது விழுங்கிவிட, எஞ்சிய நீலம் நம் கண்ணுக்கு வருகிறது. காரத்தன்மை இந்தக் கட்டமைப்பை உடைத்துவிடும். எனவே நீல அச்சுத் துணியைச் சலவைச் சோடாவில் போடக் கூடாது. செய்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ஃபெரிசயனைடை வலுவான அமிலத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

இலையே சாயமாகும் அச்சு இன்னொன்று. படிகாரத்தில் ஊறிய கம்பளிச் சால்வைமேல் இலைகளை அடுக்கி, கோலில் இறுக்கிச் சுருட்டிக் கட்டி, ஆவியில் வேகவைக்கிறார்கள். இலையின் நிறப்பொருட்களும் டானின் என்னும் துவர்ப்பொருளும் ஆவியோடு இறங்கித் துணியில் படிகின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒருபுறம் இழையையும் மறுபுறம் நிறத்தையும் பிடித்துக்கொள்வதால் சாயம் போகாது. கம்பளி புரதமாக இருப்பதால் சாயத்தை விரும்பி ஏற்கும். பருத்தி அவ்வளவு எளிதில் ஏற்காது. அதனால்தான் நம் கலம்காரிக் கலைஞர்கள் பருத்தியை முதலில் கடுக்காயில் ஊறவைக்கிறார்கள். இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரைத் தொட்டு அந்தத் துணியில் கோடு போட்டதும் கருப்பு எழும். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்த நிறம் அது.

பழனி மலையில் இந்த அச்சுக்குத் தோதான இலை, தைல மரத்தின் இலை. கம்பளியில் அது பழுப்பிலிருந்து செம்மஞ்சள் வரை நிறம் தரும். சீகை மரத்தின் பட்டையில் டானின் ஏராளம். இரண்டுமே இந்த மலைக்குச் சொந்தமானவை அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து தோட்டம் தோட்டமாக நடப்பட்டவை. தோல் பதனிடச் சீகைப் பட்டையும், ஆலைகளுக்குத் தைல மரக் கூழும் தேவைப்பட்டன. 2018-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் ஆய்வு, நான்கு பத்தாண்டுகளில் மரத்தோட்டங்களாலும் விவசாயத்தாலும் பழனி மலையின் இயற்கைப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டியது. குறிஞ்சி பூப்பதும் மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு விடுவதும் அந்தப் புல்வெளிகள்தான். எனவே அச்சுக்கு இலை வேண்டும் என்றால், தைல மரத்தடியில் உதிர்ந்ததை எடுப்பதே முறை. சோலைக் காட்டுப் பெரணியும் மரப்பட்டையில் படரும் லைக்கனும் தொடக் கூடாதவை. லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். ஒரு சால்வையின் நிறத்துக்காகப் பல பத்தாண்டுகளைச் சுரண்டி எடுப்பது தவறு.

சாயத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நொய்யல் ஆறு சாயக் கழிவால் பாழானதை அடுத்து, 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறிய அளவில் செய்கிறவர்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது. கோடை ஏரி நிரம்பி வழிந்து சில்வர் காஸ்கேட் அருவியாக இறங்குகிறது. மலையில் ஊற்றியது எல்லாம் கீழே இருக்கும் ஊர்களை நோக்கித்தான் போகும். குரோமிய உப்புகளைத் தவிர்த்துப் படிகாரத்தோடு நிறுத்திக்கொள்வதும், அதையும் ஓடையில் கொட்டாமல் இருப்பதும் செய்கிறவரின் பொறுப்பு.

வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும்

சந்தையில் ஒரு ஸ்வெட்டரைக் கையில் எடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கையால் செய்ததில் துண்டுகளின் ஓரக் கண்ணிகள் வெட்டுப்படாமல் முழுசாக இருக்கும்; இயந்திரத்தில் துணியாக ஓட்டி வெட்டித் தைத்ததில் ஓரம் ஓவர்லாக் தையலால் மூடப்பட்டிருக்கும். துணியை உங்கள் கழுத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். குத்தினால் இழை தடித்தது. கம்பளியா அக்ரிலிக்கா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சிறு துண்டு நூல் கேளுங்கள். எரித்தால் கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, நெருப்பை எடுத்ததும் அணைந்து, விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும். அக்ரிலிக்கில் பின்னுவது குற்றமில்லை. அதைக் கம்பளி என்று சொல்லி விற்பதுதான் குற்றம். வீட்டுக்குக் கொண்டுவந்த கம்பளியைப் பச்சைத் தண்ணீரில், கசக்காமல் அலசி, தொங்கவிடாமல் துண்டின்மேல் விரித்துக் காயவையுங்கள். பல ஆண்டுகள் உழைக்கும்.

செய்து விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பொருளில் ஒரு சிறு அட்டையைக் கட்டுங்கள். என்ன நூல், எந்த இலை, எத்தனை மணி நேரம் என்று மூன்று வரி தமிழில் எழுதுங்கள். அந்தச் செய்தி தெரியாததால்தான் பாதிப் பேர் விலையைக் கேட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

வாங்க வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நூலின் விலையையும் 28 மணி நேரத்துக்கு நீங்களே நியாயம் என்று கருதும் கூலியையும் கூட்டிப் பாருங்கள். கடைக்காரர் கேட்கும் விலை பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.